தணியும் ஒளி தந்த விடை

தென்மேற்குப் பருவக் காற்று மலைத்தொடரைக் கடந்து வீசத் தொடங்கியதும், திரிகூட மலையின் அடியில் அமைந்த குற்றாலத்திலும் அதனை அடுத்த தென்காசியிலும் சாரல் பொழியத் தொடங்கும். ஆனியும் ஆடியும் அருவியாடுவார்க்கு உகந்த திங்கள்கள் என்பதை யாவரும் அறிவர். ஆயின், விண்மீன்களைக் காண விழைவார்க்கு அவை உகந்தன அல்ல. மலைமுகட்டில் தவழும் மேகம் இரவு வானத்தைத் திரையிட்டு மறைத்துவிடும். கண்ணுக்குப் புலனாகும் ஒளி மேகத்தினால் தடைப்படுகிறது. ஆனால் வானத்திலிருந்து நம்மை வந்தடைவது கண்ணொளி ஒன்றுதானா? அன்று. வானொலி அலைகளும் அங்கிருந்து வருகின்றன. அவை மேகத்தையும் மழையையும் ஊடுருவிப் பகலிலும் இரவிலும் நிலத்தை அடைகின்றன. அத்தகைய அலைகளைக் கொண்டு அறிஞர் பெருமக்கள் ஓர் அரிய வினாவிற்கு விடை கண்ட வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

2017ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள். நம் நாட்டு நேரப்படி மாலை 6 மணி 11 நிமிடம். அமெரிக்காவிலுள்ள லைகோ நிலையங்களும் இத்தாலியிலுள்ள விர்கோ நிலையமும் ஈர்ப்பலை ஒன்றைப் பதிவு செய்தன. ஈர்ப்பலை என்பது பேரளவு நிறையுடைய பொருள்கள் ஒன்றையொன்று விரைந்து சுற்றும்போது வெளியில் எழும் அதிர்வாகும். அந்த அலை முடிந்து 1.7 நொடி கழிந்ததும், பூமியைச் சுற்றிவரும் பெர்மி என்னும் செயற்கைக் கோள் காமாக் கதிர்களின் வெடிப்பு ஒன்றைக் கண்டது. அவ்வெடிப்பு ஏறத்தாழ இரண்டே நொடிகள் நீடித்தது. பின்னர் ஆராய்ந்து, அது நிகழ்ந்த இடம் அனுடம், கேட்டை முதலிய விண்மீன்களுக்கு மேற்கே நெடிது கிடக்கும் நீர்ப்பாம்பு என்னும் விண்மீன் கூட்டத்தின் திசையிலுள்ள ஓர் அண்டம் எனத் தெளிந்தனர். என். ஜி. சி. 4993 என்பது அதன் பெயர். நம்மிடமிருந்து அதன் தொலைவு ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டு.

அந்த மாலையில் அவ்வண்டம் எங்கே இருந்தது எனக் கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு வியப்பு உண்டாகும். தென்காசியில் நின்று நோக்குவார்க்கு அது தென்மேற்கு வானில், குற்றால மலைகளின் பக்கத்தில், அடிவானத்துக்கும் தலையுச்சிக்கும் ஏறத்தாழ நடுவே இருந்தது. கதிரவன் மறையாத வேளையாதலின் அதனைக் கண்டவர் எவருமிலர். காமாக் கதிர்கள் காற்று மண்டலத்தைக் கடந்து நிலத்திற்கு வருவதில்லை. ஈர்ப்பலையோ மலையையும் மரத்தையும் அருவியாடிக் கொண்டிருந்த மக்களையும் ஊடுருவிச் சென்றது, ஒருவரும் உணர்ந்திலர்.

அங்கே நிகழ்ந்தது யாது? இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி முடிவில் மோதி ஒன்றாயின. நியூட்ரான் விண்மீன் என்பது பெரிய விண்மீன் ஒன்று வெடித்தபின் எஞ்சும் செறிந்த உருண்டை. கதிரவனைவிட மிகுந்த நிறை அதில் அடங்கியிருக்கும். ஆயினும் அதன் குறுக்களவு தென்காசிக்கும் கடையநல்லூருக்கும் இடைப்பட்ட தொலைவையே ஏறக்குறைய ஒக்கும்.

காமாக் கதிர் வெடிப்பு அறிஞர்க்குப் புதியதன்று. 1967ஆம் ஆண்டிலேயே அது முதன்முதல் பதிவாயிற்று. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கர் அனுப்பிய வேலா என்னும் செயற்கைக் கோள்களே அதனைக் கண்டன. கதிர்கள் மண்ணுலகிலிருந்து வரவில்லை, விண்வெளியிலிருந்து வருகின்றன என்பது ஆராய்ச்சியால் தெளிவாகி, 1973ஆம் ஆண்டில் உலகறிய வெளியாயிற்று. அன்று முதல் அவ்வெடிப்புகளின் தோற்றம் பெரும் புதிராக இருந்தது. இரண்டு நொடிக்குக் குறைவாக நீடிக்கும் குறுவெடிப்புகள் நியூட்ரான் விண்மீன்களின் மோதலால் விளைவன என்று பலர் கருதினர். மோதலின்போது இருபுறமும் குறுகிய தாரைகளாகப் பொருள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பீறிட்டுப் பாயும் என்றும், அத்தாரை நம்மை நோக்கி வருமாயின் அதுவே நமக்குக் காமாக் கதிர் வெடிப்பாகத் தோன்றும் என்றும் அவர்கள் கூறினர். கருத்து அழகியதே, ஆயினும் நேரிய சான்று வேண்டியிருந்தது.

2017ஆம் ஆண்டு நிகழ்ச்சி அச்சான்றைத் தருமென யாவரும் எதிர்பார்த்தனர். ஆனால் அதுவே ஒரு புது வினாவையும் எழுப்பிவிட்டது. தொலைவு தெரிந்த குறுவெடிப்புகளுள் இதுவே மிக அருகில் நிகழ்ந்தது. அங்ஙனமாயின் இதன் ஒளி கண்ணைப் பறிக்கும் அளவு மிகுந்திருத்தல் வேண்டுமன்றோ? மாறாக, இது மிகவும் மெலிந்து காணப்பட்டது. காரணம் என்ன?

இவ்வினாவின் இயல்பை விளங்கிக்கொள்ளக் குற்றாலத்துப் பேரருவியை நினைத்துப் பார்க்கலாம். மேலிருந்து வீழும் நீர் நேரே நிலத்தை அடைவதில்லை. பாறையின் இடையே அமைந்த பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பள்ளத்தில் விழுந்து, அங்கே தன் வேகம் தணிந்து, பொங்கி எழுந்து, பின்னர் அகன்ற அருவியாகப் பரவி இறங்குகிறது. இடையே அப்பள்ளம் இல்லையாயின் நீர் தன் முழு விசையோடு கீழே வந்து தாக்கியிருக்கும். நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போதும் ஏராளமான பொருள் சிதறி அவற்றைச் சூழ்ந்துகொள்கிறது. உள்ளிருந்து கிளம்பும் தாரை அச்சூழலைத் துளைத்துக்கொண்டு தானே வரவேண்டும். அது துளைத்து வெளியே வந்ததா? அன்றி, பொங்குமாங்கடலில் வீழ்ந்த நீரைப் போல இடையிலேயே தடையுண்டு, தன் விசை முழுவதையும் சூழ்ந்த பொருளுக்கு ஈந்து, எத்திசையும் பரவிவிட்டதா? தாரை வெளிவந்தது, ஆயின் நம்மை நேரே நோக்காமல் சற்று விலகிச் சென்றது. ஆதலின் வெடிப்பு மெலிந்து தோன்றிற்று என்பர் ஒரு சாரார். தாரை உள்ளேயே அடங்கிவிட்டது. பரந்து விரிந்த பொருளின் ஒளியையே நாம் கண்டோம் என்பர் மற்றொரு சாரார். முன்னதே உண்மையாயின் குறுவெடிப்புகளின் தோற்றம் பற்றிய நெடுநாள் புதிர் தீரும். பின்னது உண்மையாயின் அது மீண்டும் தொடக்க நிலைக்கே சென்றுவிடும்.

இரண்டு நொடியில் மறைந்த கதிரைக் கொண்டு இதனைத் தீர்த்தல் இயலாது. அதன்பின் எஞ்சி நிற்கும் பின்னொளியைக் கொண்டே தீர்த்தல் வேண்டும். வெடிப்பிலிருந்து பாயும் பொருள் விண்மீன்களிடையே பரந்துள்ள மெல்லிய வாயுவின்மீது மோதுகிறது. அம்மோதலில் விரைவு பெற்ற எலெக்டிரான்கள் காந்தப் புலத்தில் சுழன்று, ஊடுகதிர் முதல் வானொலி அலை ஈறாகப் பலவகைக் கதிர்களை வெளியிடுகின்றன. இதுவே பின்னொளி. பொருளின் வேகம் குறையக் குறையப் பின்னொளியும் மாறிக்கொண்டே செல்லும். வெடிப்பின் வானொலிப் பின்னொளி ஒன்று முதன்முதல் காணப்பட்டது 1997ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆகும்.

மோதலுக்குச் சில மணி நேரம் கழித்துச் சிலி நாட்டிலுள்ள ஓர் ஒளித் தொலைநோக்கி அவ்வண்டத்தில் ஒரு புதிய ஒளிப்புள்ளியைக் கண்டது. அது பின்னொளி அன்று. சிதறிய பொருளில் புதிதாக உண்டான கனத்த தனிமங்கள் சிதைவுறுவதால் எழுந்த வெப்ப ஒளி அது. தங்கம், பிளாட்டினம் போன்றவை இத்தகைய மோதல்களில் உண்டாகின்றன என்னும் கொள்கைக்கு அதுவே வலிய சான்றாயிற்று. அவ்வொளி சில நாட்களில் நீலநிறம் நீங்கிச் செந்நிறமாகி மங்கிற்று. உண்மையான பின்னொளி அதன்பின் மெல்ல மெல்லத் தலைகாட்டிற்று. ஒன்பதாம் நாளில் ஊடுகதிரும், செப்டம்பர் 2ஆம் நாளில் அமெரிக்காவில் வானொலி அலையும் புலனாயின.

இவ்விடத்தில் ஓர் இடையூறு நேர்ந்தது. பூமி கதிரவனைச் சுற்றிவருதலால், கதிரவன் அவ்வண்டம் இருக்கும் திசையை நெருங்கலாயிற்று. ஒளித் தொலைநோக்கிகளும் ஊடுகதிர்த் தொலைநோக்கிகளும் டிசம்பர்த் தொடக்கம் வரை அப்பக்கம் திரும்ப முடியவில்லை. வானொலித் தொலைநோக்கிகளுக்கோ அத்தடை இல்லை. ஏனைக் கண்கள் மூடியிருந்த அந்நாட்களில் அவையே இடைவிடாது காவல் காத்தன.

அக்காவலில் நம் நாட்டிற்கும் பங்கு உண்டு. இந்தியாவில் வானொலி வானியலை வேரூன்றச் செய்த பெருமகனார் கோவிந்த் ஸ்வரூப் என்பவர். அவர் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் நம் உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 1970ஆம் ஆண்டில் ஒரு பெரிய வானொலித் தொலைநோக்கியை நிறுவினர். அதன் நீளம் 530 மீட்டர். அகலம் 30 மீட்டர். மலைச்சரிவின் சாய்வு அவ்விடத்தின் குறுக்குக்கோட்டு அளவிற்கு ஒத்திருத்தலால், அத்தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துள்ளது. ஆதலின் ஒரே திசையில் அதனைச் சுழற்றிக்கொண்டே ஒரு விண்பொருளைப் பல மணி நேரம் பின்தொடரலாம். நம் மலையின் சாய்வையே கருவியின் உறுப்பாக்கிய அறிவுத்திறம் போற்றத்தக்கது.

அவரே பின்னர் மராட்டிய மாநிலத்தில், புனே நகருக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோடத் என்னும் சிற்றூரில், மாபெரும் மீட்டர் அலை வானொலித் தொலைநோக்கியை அமைப்பித்தார். அங்கே 30 கிண்ணங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் குறுக்களவும் 45 மீட்டர். அவற்றுள் 14 நடுவே நெருங்கியும், ஏனைய 16 மூன்று கிளைகளாக விரிந்தும், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் பரப்பில் நிற்கின்றன. கிண்ணங்களின் முகம் கனத்த தகட்டினால் ஆயதன்று. மெல்லிய கம்பி வலையால் ஆயது. காற்று அதன் கண்களின் வழியே புகுந்து செல்லும். நீண்ட வானொலி அலையோ வலையைக் கடக்கமாட்டாமல் திரும்பிக் குவியும். இதனால் எடையும் செலவும் பெரிதும் குறைந்தன. முப்பது கிண்ணங்களும் தனித்தனியே பெறும் அலைகளை ஒருங்கு சேர்த்துக் கணக்கிட்டால், 25 கிலோமீட்டர் அகன்ற ஒரே தொலைநோக்கியால் காண்பதுபோல நுண்ணிய காட்சி கிடைக்கும்.

மோதல் நிகழ்ந்த ஏழாம் நாள் முதற்கொண்டு ஏறத்தாழ ஐந்து திங்கள் வரை இத்தொலைநோக்கியைக் கொண்டு அப்பின்னொளியைத் தேடியும் அளந்தும் வந்தது ஓர் ஆராய்ச்சிக் குழு. அக்குழுவின் தலைவர் ரெஸ்மி லட்சுமி என்னும் அம்மையார். அவர் பணியாற்றுவது திருவனந்தபுரத்திலுள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆகும். தென்காசியிலிருந்து செங்கோட்டைக் கணவாயைக் கடந்தால் அவ்வூருக்கு வழி. தொடக்கத்தில் நீண்ட அலைகளில் ஒன்றும் தென்படவில்லை. ஒரு வாரம் சென்றது; ஒரு திங்கள் சென்றது; வானம் மௌனமாகவே இருந்தது. ஏறத்தாழ அறுபது நாட்கள் கழிந்த பின்னரே பின்னொளி அவ்வலைகளில் மெல்லத் தோன்றிற்று.

தோன்றியபின் அது தணியும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். அதுவோ நாளுக்கு நாள் வளர்ந்தது. தாரை விலகி நோக்குமாயின் அங்ஙனம் வளர்தல் இயல்பே. ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாயும் பொருளின் ஒளி, தான் செல்லும் திசையில் கூம்பாகக் குவிந்து செல்லும்; பக்கத்தில் நிற்பார்க்குப் புலனாகாது. மலைப்பாதையில் வரும் வண்டியின் முகவிளக்கு எதிரே நிற்பவன் கண்ணைக் கூசச் செய்யினும், பக்கத்தே நிற்பவனுக்கு மங்கலாகத் தோன்றுதல் போன்றது இது. பொருளின் வேகம் குறையுந்தோறும் அவ்வொளிக் கூம்பு விரிந்து, விலகி நிற்கும் நம்மையும் சிறிது சிறிதாக எட்டும். ஆனால் தாரை அடங்கிப்போய்ப் பொருள் பரந்து விரிந்ததாகக் கொண்டாலும், பின்னொளி இவ்வாறே வளரக்கூடும். உள்ளேயுள்ள விரைந்த பகுதியைத் தொடர்ந்து மெதுவான பகுதிகளும் வந்து சேர்ந்து அதற்கு வலிமை ஊட்டுமாதலின் என்க. ஆகவே, ஒளி வளர்ந்தவரையில் இரு கட்சியாரும் தம் தம் கொள்கையை விடவில்லை. 2017ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு குழுவினர், தாரை அடங்கிவிட்டது என்பதே மிகவும் பொருந்துவது என எழுதினர்.

பேரருவியில் வெள்ளம் பெருகி வரும்போது பாறை முழுவதும் வெண்ணிறத் திரையாகவே காட்சியளிக்கும். அப்பாறையில் முன்னோர் செதுக்கி வைத்த சிவலிங்கங்கள் பல உள என்பதை அப்போது வருபவர் அறியார். நீர் வற்றும் காலத்தில் வருபவரே அவற்றைக் காண்பர். வான்வெளியிலும் அதுவே நிகழ்ந்தது. ஐந்து திங்கள் கழிந்தபின், பின்னொளி தன் உச்சத்தை எட்டித் தணியத் தொடங்கிற்று. அது எவ்வாறு தணிகிறது என்பதே இப்போது கேள்வி. பரந்து விரிந்த பொருளாயின் ஒளி மெதுவாகத் தணிதல் வேண்டும். குறுகிய தாரையாயின், அதன் முழுமுகமும் நம் பார்வைக்கு வந்தபின் மேலும் புலனாக வேண்டிய பகுதி யாதும் இராது. ஆதலின் ஒளி செங்குத்தாகச் சரிதல் வேண்டும். 2018ஆம் ஆண்டில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இந்தியா ஆகிய நாடுகளின் வானொலித் தொலைநோக்கிகள் எடுத்த அளவுகளை ஒருங்கு நோக்கியபோது, ஒளி செங்குத்தாகவே சரிந்தது. தாரை வெளிவந்திருந்தது.

இதனினும் நேரிய சான்று மற்றொன்றும் கிடைத்தது. தொலைவில் உள்ள தொலைநோக்கிகளை இணைத்து, மோதல் நிகழ்ந்த 75ஆம் நாளிலும் 230ஆம் நாளிலும் பின்னொளியின் இடத்தை அளந்தனர். அது இடம் பெயர்ந்திருந்தது. ஒளியைப்போல் நான்கு மடங்கு வேகத்தில் அது நகர்ந்ததுபோலத் தோன்றிற்று. ஒளியை விஞ்சி விரையும் பொருள் ஒன்றுமில்லை. ஏறக்குறைய நம்மை நோக்கியே, ஒளியின் வேகத்தை ஒட்டிவரும் தாரை தான் விட்ட ஒளியையே துரத்தி வருதலால், இருவேறு நாட்களில் புறப்பட்ட ஒளி சிறிது கால இடைவெளியிலேயே நம்மை அடைகிறது. அதனால் உண்டாகும் மயக்கத் தோற்றமே அது. குறுகிய தாரை ஒன்று நம் பார்வைக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 20 பாகை விலகிப் பாய்ந்தால்தான் இத்தகைய தோற்றம் உண்டாகும். ஐந்து கண்டங்களில் பரவிய தொலைநோக்கிகளை இணைத்து மற்றொரு குழுவினர் எடுத்த அளவும் இதனையே உறுதி செய்தது.

தாரை அடங்கிற்று எனக் கருதியிருந்த குழுவினரே இச்சான்றுகளைத் தேடி எடுத்து, தாரை வெளிவந்தது என உலகிற்கு அறிவித்தனர் என்பதை மாணவர் கருத்தில் இருத்துதல் வேண்டும். தம் பழைய கொள்கையைக் காத்தல் அவர்தம் நோக்கமன்று. உண்மையைக் காண்டலே நோக்கம். ஒளி வளர்ந்த நாளிலேயே ஆராய்ச்சி முடிந்தது என அவர்கள் கருவிகளை வேறு திசைக்குத் திருப்பியிருப்பின், பிழையான முடிவே நூல்களில் நிலைத்திருக்கும்.

இவ்வளவையும் நமக்கு உரைத்த அலை எத்துணை மெலிந்தது தெரியுமா? நிலவில் ஒரு கைப்பேசியை வைத்து இயக்கினால், அதிலிருந்து நம்மை வந்தடையும் அலை இப்பின்னொளியின் அலையைவிடப் பல்லாயிரம் மடங்கு வலியதாக இருக்கும். இதனால்தான் வானொலித் தொலைநோக்கிகள் நகரங்களை விட்டு விலகிய இடங்களில் அமைக்கப்படுகின்றன. மக்கள் இயக்கும் கருவிகளின் இரைச்சல் மிகுமாயின், 13 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த அலை நம் வாயிலில் வந்தும் கேட்பாரற்றுப் போய்விடும்.

தென்காசித் திருக்கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் கல்லில் ஒரு செய்யுளைப் பொறித்து வைத்தான். கோயிலுக்கு எக்காலத்தேனும் குறை நேருமாயின், அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரைத் தான் உலகறியப் பணிவதாக அம்மன்னன் அதில் கூறுகிறான். தன் வாழ்நாளுக்குள் முடியாத பணி தனக்குப் பின்வருவார் கையில் உள்ளது என்பதை அவன் உணர்ந்திருந்தான். கோவிந்த் ஸ்வரூப் போன்றோர் கட்டிய கருவிகள், அவர்கள் கட்டிய காலத்தில் எவரும் கனவிலும் கருதாத ஒரு நிகழ்ச்சியை அடுத்த தலைமுறையினர் அறியத் துணை நின்றன. பெருமகனார் 2020ஆம் ஆண்டில் மறைந்தார். கோடத்தில் அவர் நிறுவிய கிண்ணங்கள் இன்றும் வானை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றைச் செப்பனிட்டுக் காப்பவரும், அவை பெறும் அளவுகளை நாள்தோறும் பொறுமையுடன் எழுதி வைப்பவரும் இனியும் தேவை. இன்று இப்பாடத்தைப் பயிலும் மாணவர்களுள் சிலர் அப்பணிக்கு உரியவராதல் வேண்டும்.